கரையோர டோர்ணமென்ட் கமிட்டிக்காரங்களுக்கு: இந்த வருஷம் ஃபிக்ஸ்சர்ல ஒரு கட்டம் காலியா விடுங்க

ஆரோக்கியபுரத்துல இருந்து நீரோடி வரைக்கும் திருவிழாக்கு திருவிழா பந்து விளையாட்டு நடத்துற கமிட்டி அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், மைக்க பிடிச்சா விடாத அனவுன்சர்மாருக்கும், கப்புக்கு ஆளு பிடிச்சுத் தார ஃபாதர்மாருக்கும் வணக்கம்.

என்னைய உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். குளச்சலுக்கு மேக்க ஒரு கரையில லெஃப்ட் பேக் ஆடிட்டு இருந்தவன், முட்டி போனதுக்கு அப்புறம் எட்டு வருஷம் கமிட்டி செக்ரட்டரி, இப்போ வலையும் கயிறும் விக்கிற கடை வச்சிருக்கேன். இத வாட்ஸப் குரூப்ல போட்டா பத்து பேரு கும்பிடு எமோஜி போட்டுட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிருவாங்க, அதான் பொதுவுல, நீளமா எழுதுறேன். முழுசா படிச்சுட்டு திட்டுங்க.

கேக்கப் போறது ஒண்ணுதான். அடுத்த திருவிழா ஃபுட்பால் கப்புக்கு ஃபிக்ஸ்சர், அதான் மாட்சு அட்டவணை, போடும்போது இலங்கை வடக்குக் கரையில இருந்து, யாழ்ப்பாணமோ மன்னாரோ, ஒரு மீன்பிடிக்கிற ஊரு டீம கூப்பிடணும்.

இப்பமே பாதி பேரு முகத்த சுளிச்சிருப்பிய. நம்ம ஆளுகள பிடிச்சு ஜெயில்ல போடுறான், படகப் பறிக்கான், அவனுக்கு நாம சோறு போட்டு கப்பும் குடுக்கணுமாக்கும்னு கேப்பிய. அதுக்கு வாரேன், பைய வாரேன். முதல்ல இந்த யோசனை எங்கருந்து வந்துதுன்னு சொல்லணும்லா.

நம்ம மாவட்டத்துல இலங்கைத் தமிழர் முகாம் நாலு இருக்கு. அதுல ஒண்ணுல இருந்து ஒரு பையன் எங்க டீம்ல கீப்பரா நின்னான், 2000ம் வருஷத்த ஒட்டி மூணு நாலு சீசன். சின்னப் பிள்ளையா 90ல போட்டுல வந்து இறங்கினவன். பேரு வேண்டாம், பழைய ஆளுகளுக்கு யாருன்னு தெரியும், தெரியாதவங்களுக்கு தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. ஒல்லிப் பையன், ஆனா பெனால்டினா போதும், அடிக்கிறவன் கண்ண பாக்காம இடுப்பப் பாத்துட்டே நிப்பான், பந்து எந்தப் பக்கம் போகும்னு இடுப்பு சொல்லிரும்னு சொல்லுவான். டைபிரேக்கர் வந்தா எங்க ஆளுக முன்னாடியே விசிலடிக்க ஆரம்பிச்சிருவாங்க. அவன் கிட்ட கிளவுஸ் கிடையாது, எங்க பழைய கீப்பரோட கிழிஞ்ச கிளவுஸ்ல சைக்கிள் டியூப்ப வெட்டி ஒட்டிப் போட்டுட்டு நிப்பான். ஃபிளட்லைட் மாட்சுன்னா மட்டும் தலைவலி, முகாம்ல செக்கிங் இருக்கும், பேரு கூப்பிடும்போது ஆளு நிக்கணும், அதனால செமிஃபைனல ராத்திரி எட்டரைக்கு வச்சா எங்களுக்கு கீப்பர் இல்ல. ஒரு வருஷம் அப்படித்தான் தோத்தோம், அஞ்சு கோலு வாங்கினோம், அந்த கமிட்டி எந்த கமிட்டின்னு இங்க சொல்லல, ஆனா நேரத்த வேணும்னே மாத்தினாங்கன்னு எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு.

ஒரு தடவ செலக்‌ஷனுக்கு கூட்டிட்டுப் போனோம். பந்து பிடிச்சத பாத்து எல்லாரும் தலைய ஆட்டினாங்க. அப்புறம் பேப்பர் கேட்டாங்க, பிறந்த சர்டிஃபிகேட், ரேஷன் கார்டுன்னு. முகாம் கார்ட எடுத்து நீட்டினான். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவரு அத திருப்பி திருப்பி பாத்துட்டு, தம்பி நீ எந்த நாட்டுக்காரன்னு கேட்டாரு. கெட்ட மனசோட கேட்டதா எனக்குத் தோணல, அவருக்கும் எந்த கட்டத்துல எழுதன்னு தெரியல. பையன் பதில் சொல்லல. திரும்பி வார பஸ்ஸுல தக்கல வரைக்கும் ஒரு வார்த்த பேசல, தக்கல்ல இறங்கி டீ குடிக்கும்போது, அண்ணே அடுத்த மாட்சு எப்பன்னு மட்டும் கேட்டான்.

சண்டையெல்லாம் முடிஞ்சு கொஞ்ச வருஷம் கழிச்சு அவங்க குடும்பம் ஊருக்கே திரும்பிப் போயிட்டு, மன்னார் பக்கம். அங்க அவன் இப்போ கடலுக்குப் போறான், சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு பந்து சொல்லிக் குடுக்கான். போன மாசம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துது. "அண்ணே, எங்கட பெடியள் நல்லா விளையாடுறாங்கள், ஒருக்கா உங்கட பக்கம் கூட்டிக்கொண்டு வரலாமோ? ரிக்கற் காசு நாங்கள் எப்படியும் பாக்கிறம், நிக்கிறதுக்கு மட்டும் ஒரு இடம் தந்தாப் போதும்." நம்ம பேச்ச இருபது வருஷத்துக்கு மேல பேசினவன், இப்போ அவங்க பேச்சு முழுசா வந்துட்டு. நாலு தடவ போட்டுக் கேட்டேன். பதில் அனுப்பல, இன்னும் அனுப்பல. இந்த மடலுக்கு நீங்க என்ன சொல்லுதியளோ அதுதான் அவனுக்கு நான் அனுப்பப் போற பதில்.

சரி, கமிட்டிக்காரங்க கணக்குக்கு வருவோம். பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற செவன்ஸ் டோர்ணமென்ட்டுக்கு நைஜீரியாக்காரனையும் கானாக்காரனையும் கெஸ்ட் பிளேயரா இறக்குறது மலபார்ல ரொம்ப காலமா நடக்குது, நம்ம பக்கமும் ஒண்ணு ரெண்டு பேரு அத பாத்து ஆசப்பட்டு மாட்சுக்கு இவ்வளவுன்னு பேசி இறக்கினாங்க, நாமளும் வாயப் பொளந்து பாத்தோம். ஆப்பிரிக்காவுல இருந்து ஆளு வந்தா அது டோர்ணமென்ட்டுக்கு கெத்து. கன்னியாகுமரி முனையில நின்னு பாத்தா கொழும்பு நேர்கோட்டுல முன்னூறு கிலோமீட்டருக்கு உள்ளதான், நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு ரோட்டுல போனா எழுநூறு. அந்த முன்னூறு கிலோமீட்டருக்கு அங்க இருக்கவன் நமக்கு நைஜீரியாக்காரன விட தூரமாயிட்டானா?

அப்படி தூரமா இருந்த ஊரும் இல்ல அது. எங்க வீட்டு மாடியில ஆன்டெனாவ கடலப் பாத்து கொஞ்சம் கிழக்க திருப்பினா இலங்கை டிவி ரூபவாஹினி விழும், தூர்தர்ஷன்ல புள்ளி புள்ளியா வாரது இதுல தெளிவா வரும். எங்க அப்பாவுக்கு கட்டுமரத்துல போகும்போதும் இலங்கை வானொலிதான், அப்துல் ஹமீது குரல் கேட்டா போதும், துடுப்ப கூட தாளத்துக்குப் போடுவாருன்னு அம்மா கிண்டல் பண்ணும். இன்னும் பின்னால போனா, 1741ல டச்சுக்காரன் குளச்சல்ல படைய இறக்கினான்லா, மார்த்தாண்ட வர்மா கிட்ட அடிவாங்கி அவங்க தளபதி டிலனாய் பிடிபட்டாரே, அந்தப் படை புறப்பட்டு வந்ததே இலங்கையில இருந்துதான். ஆக இலங்கையில இருந்து நம்ம கரைக்கு வந்த முதல் விசிட்டிங் டீம் நம்மகிட்ட தோத்துப் போன டீமு. ரிடர்ன் மாட்சு இன்னும் பாக்கி இருக்குன்னு வச்சுக்கிடுங்க.

1996 வேர்ல்டு கப்ப அந்த ரூபவாஹினியிலதான் பாத்தேன், எனக்கு அப்போ பதினாலு வயசு. ஜனவரி 31 கொழும்புல சென்ட்ரல் பேங்க்ல குண்டு வெடிச்சுது, ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் கொழும்புக்கு வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க, பாயிண்ட் போனாலும் பரவால்லன்னு மாட்சயே விட்டுக் குடுத்தாங்க. அப்போ இந்தியாவும் பாகிஸ்தானும் சேந்து ஒரே டீமா, கேட்டியளா, ஒரே டீமா கொழும்புக்குப் போயி பிப்ரவரி 13ம் தேதி இலங்கை கூட ஒரு மாட்சு ஆடினாங்க. அசாருதீன் கேப்டன், சச்சினும் வாசிம் அக்ரமும் ஒரே பக்கம். இங்க ஒண்ணும் ஆகாது, நாங்க வந்துட்டோம் பாருங்கன்னு காட்டுறதுக்காக. இப்போ கை குடுக்குறதா வேண்டாமான்னு பஞ்சாயத்து நடக்குற காலத்துல இத சொன்னா எங்க கடைப் பையன் நம்பல, ஃபோன்ல தேடிப் பாத்துட்டுதான் நம்பினான்.

ஆனா அதுக்கு சரியா ஒரு மாசம் கழிச்சு, மார்ச் 13, கல்கத்தா செமிஃபைனல். இந்தியா 120க்கு 8 விக்கெட், கூட்டம் பாட்டில எறிஞ்சு, சீட்டுக்கு தீ வச்சு, கடைசியில மாட்ச இலங்கைக்கு குடுத்துட்டாங்க, காம்ப்ளி அழுதுட்டு போனாரு. கூடப் போயி நின்னதும் நாமதான், பாட்டில் எறிஞ்சதும் நாமதான், நடுவுல ஒரே மாசம். அடுத்து ஃபைனல்ல அரவிந்த டி சில்வா 107 அடிச்சு ஆஸ்திரேலியாவ தூக்கினப்போ எங்க தெருவே இலங்கை பக்கம்தான் நின்னுது. பக்கத்து வீட்டு தாத்தா ஒருத்தர் மட்டும், நம்ம தமிழ் ஆளுகள அங்க என்ன பாடு படுத்துறான், நீங்க கை தட்டுதியளாலேன்னு திட்டிட்டு எந்திச்சுப் போனாரு. அவரு சொன்னதும் தப்பு இல்ல. அந்த ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள, ஒரே டிவி முன்னாடி நடந்துது, இப்பவும் நடக்குது.

இதுல சிரிப்பு என்னன்னா நம்ம மாநிலத்துக்கும் இலங்கைக்கும் வருஷா வருஷம் மாட்சு வைக்கிறதுங்கிறது என் புத்தியில உதிச்ச புது விஷயமே இல்ல. கோபாலன் டிராபின்னு ஒண்ணு இருந்துது. 1953ல ஆரம்பிச்சு எண்பதுகள் தொடக்கம் வரைக்கும் மெட்ராஸ் டீமும் சிலோன் டீமும் கிரிக்கெட் ஆடினாங்க, எம்.ஜே. கோபாலன்னு கிரிக்கெட்லயும் ஹாக்கியிலயும் இந்தியாவுக்கு ஆடின நம்ம ஊரு ஆளு பேருல. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்காத காலம் அது, அவங்க ஆளுகளுக்கு பெரிய மாட்சுன்னா அந்த மெட்ராஸ் மாட்சும் ஒண்ணு. இந்தியா, இலங்கைன்னு நாடு நாடா மோதாம ஒரு மாநிலம் போயி பக்கத்து நாட்டுக் கூட ஆடிட்டு வந்துது, யாரும் வானம் இடிஞ்சு விழுந்துட்டுன்னு சொல்லல. 83க்கு அப்புறம் எல்லாம் மாறிட்டு, அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், அந்த முகாம் நாலும் அதுக்கு சாட்சியா நிக்குது.

அப்புறம் 2012. இத எழுதாம தாண்டிப் போனா நான் கள்ளன். கொழும்பு ராயல் காலேஜ் பிள்ளைக ஃபுட்பால் டீமு சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்துல ஒரு ஃபிரண்ட்லி ஆடினாங்க. நம்ம மாநில அரசு கோபப்பட்டு திருப்பி அனுப்ப உத்தரவு போட்டுது, ஸ்டேடியத்த குடுத்த அதிகாரிய சஸ்பெண்ட் பண்ணிச்சு. இரத்தினபுரியில இருந்து வந்த இன்னொரு ஸ்கூல் பிள்ளைகளும் அப்படியே திரும்பிப் போனாங்க. அதே சமயத்துல பூண்டி மாதா, வேளாங்கண்ணின்னு வந்த இலங்கை யாத்ரிகர் பஸ்ஸு மேல கல்லு விழுந்துது. மாதா கோயிலுக்கு வந்தவன் மேல. நம்ம கரையில செப்டம்பர் 8க்கு நடந்தே வேளாங்கண்ணி போற ஆளுக எத்தன பேரு இருக்கோம், யோசிச்சுப் பாருங்க. அடுத்த வருஷம், 2013ல, ஐபிஎல்ல இலங்கை பிளேயர் யாரும் சேப்பாக்கத்துல ஆடக்கூடாதுன்னு ஆச்சு, வாய் திறந்தா தமிழ் பேசுற முரளிதரனும் அந்த லிஸ்ட்ல வந்தாரு, சென்னை மாப்பிள்ளை, சென்னை டீம்ல முன்னாடி ஆடினவரு. ஏசியன் அத்லெட்டிக்ஸ் சென்னையில நடக்க இருந்தது, இலங்கை வரும்ங்கிறதால நடத்த முடியாதுன்னு சொல்லி அது புனேக்குப் போச்சு, நம்ம ஊரு ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசல்ல வந்த மீட்டு கை நழுவிட்டு.

2009ல முள்ளிவாய்க்கால்ல நடந்தத டிவியில பாத்தவங்கதான் நாம எல்லாரும். அந்தக் கோபம் எனக்கு இப்பவும் உண்டு, அதுக்கு பதில் கேக்கணும், கேக்க வேண்டிய இடத்துல கேக்கணும். பதினாறு வயசுப் பையனோட ஷூ பேக்க தூக்கி வெளிய வச்சது அந்த இடம் இல்லன்னுதான் சொல்லுதேன். அத அப்பவே நாம யாரும் சத்தமா சொல்லல, நானும் சொல்லல. அப்போ நான் கமிட்டி செக்ரட்டரி, மைக் என் கையிலதான் இருந்துது.

அப்புறம் பாருங்க, பத்து வருஷம் கழிச்சு, 2023ல, அதே சேப்பாக்கத்துல சென்னை டீமுக்கு ஆடின இலங்கைக்காரன் பதிரனா பந்து போட ஓடி வந்தா மஞ்ச சட்ட மொத்தமும் எந்திச்சு நின்னுது. என்ன மாறிச்சு? ஒண்ணும் மாறல, நமக்கு விக்கெட் வேணும்.

சரி, படகுப் பிரச்சனை. இங்க நான் சொல்லப் போறது சிலருக்குப் பிடிக்காது. ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்து ஆளுகள அவங்க நேவி பிடிக்குது, படகு அங்க கிடந்து மக்குது, குடும்பம் இங்க தெருவுல நிக்குது, அது உண்மை, கொடுமை. ஆனா அந்தப்பக்கம் வலை அறுந்து நிக்கிறவனும் கொழும்பு மந்திரி இல்ல. பாசையூர்க்காரன், நாவாந்துறைக்காரன், மன்னார்க்காரன், பேசுறது தமிழ், கும்பிடுறது அந்தோனியாரு. சண்டைக் காலத்துல கடலுக்கே போக விடாம வச்சு, இப்பதான் வலை போட்டு நிமிருறான், ராத்திரி நம்ம ஆளுக இழுவைமடி, அதான் கடலடியச் சுரண்டி இழுக்குற வலை, அவன் வலைக்கு மேல போவுது. அவங்க நாட்டுல 2017ல சட்டம் போட்டு இழுவைமடிய தடை பண்ணிட்டாங்க. இந்த வேதன நமக்குப் புரியாததா? நம்ம கரையிலயே வள்ளக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் எத்தன தடவ அடிதடி, எத்தன தடவ கலெக்டர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை, வலை போச்சுன்னு எங்க கடையில வந்து கடனுக்கு வலை கேட்டு நிக்கிறவன் முகம் எனக்குத் தெரியும். மன்னார்ல நிக்கிறவனுக்கும் அதே முகம்தான் இருக்கும்.

இதுல நம்ம குமரிக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அதத்தான் இந்த மடல்ல முக்கியமா சொல்ல நினைச்சேன். பாக் ஜலசந்தி சண்டையில நாம நேரடி கட்சி இல்ல. நம்ம தொழிலு இந்தப்பக்கம், அரபிக்கடலு, தூத்தூர் பக்கத்துக்காரன் தங்கல் போட்டு தூண்டில் போட்டுட்டு குஜராத் வரைக்கும் போறான், நாம அவன் வலைய அறுக்கல, அவன் நம்ம போட்ட பறிக்கல. ராமேஸ்வரத்துல கூப்பிட்டா அது அரசியலாயிரும், கூப்பிடுறவனுக்கும் சங்கடம், வாரவனுக்கும் சங்கடம். சென்னையில கூப்பிட்டா கட்சிக்காரன் கொடி பிடிப்பான். ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரனா, சண்டையில வெளியாளா இருக்கிற ஊருதான் பொதுவா ஒரு மாட்சு நடத்த முடியும், அது நம்ம ஊருதான். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாக்கு வருஷா வருஷம் ரெண்டு பக்கமும் பாஸ்போர்ட் விசா இல்லாம வந்து ஒரே பூசை காணுது, அத யாரும் தேசத் துரோகம்னு சொல்லலயே. பூசை முடிஞ்சு ஒரு பந்து விளையாட்டுன்னு நினைச்சுக்கிடுங்க, அவ்வளவுதான்.

மோதல் வேண்டாம்னு நான் சொல்லல கேட்டியளா. நல்லா மோதட்டும். நமக்கு மோதலு இல்லாம பந்தே கிடையாது. பக்கத்துக் கரை கூட ஃபைனல்ல தோத்தா நம்ம பையன் ஒரு வாரம் அந்த ஊரு வழியா பைக் ஓட்ட மாட்டான், சுத்திப் போவான், பெட்ரோல் போனாலும் சரின்னு. எங்க ஊருக்கும் அடுத்த ஊருக்கும் 98ல ஒரு ஆஃப்சைடு கோலு, இன்னும் பஞ்சாயத்து தீரல, கல்யாண வீட்டுல கூட பேச்சு வரும். நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவுல மாநில எல்லைக் கோடு, 56ல நாம தமிழ்நாட்டுல சேந்தோம், அவங்க கேரளாவுல நின்னுட்டாங்க, அதுக்கு முன்னால எல்லாம் ஒரே திருவிதாங்கூர். இன்னைக்கு அவன் சந்தோஷ் டிராபி கேரளாவுக்கு ஆடுறான், நம்மாளு தமிழ்நாட்டுக்கு ஆடுறான், கிரவுண்டுல இறங்கினா காலு உடையும், ஆனா பொண்ணு குடுக்கல் வாங்கல் நிக்கல. எல்லை போட்டதுக்கு அப்புறம் பந்து விளையாட்டு எப்படி நடக்கணும்னு நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்.

இன்னொண்ணு, வாரவங்கள லேசா நினைச்சிராதிய. இந்தியா பெரிய நாடு, நாம இரவிபுத்தன்துறையில இருந்து சூசைராஜ இந்தியா டீமுக்கே அனுப்பின கரை, எல்லாம் சரி. 2021ல தெற்காசிய நாடுக ஆடுற சாஃப் கப்புல இந்தியா இலங்கைகிட்ட கோலே அடிக்க முடியாம ஜீரோ ஜீரோன்னு வந்துது, 95ல கொழும்புல நடந்த ஃபைனல்ல அவங்க நம்மள ஒண்ணு ஜீரோன்னு அடிச்சு கப்பத் தூக்கினாங்க. யாழ்ப்பாணத்துல துரையப்பா ஸ்டேடியத்துல நடக்குற மாட்சு வீடியோ பாருங்க, கூட்டமும் சத்தமும் நம்ம திருவிழா மாட்சு மாதிரியே இருக்கு, கோலு விழுந்தா உள்ள ஓடி வாரவன் கூட நம்மாளு மாதிரியே கைலிய மடிச்சுக் கட்டிருக்கான். டீம் பேரப் பாருங்க, பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ். நம்ம ஊருல சென்ட் அந்தோனி கிளப்பும் சென்ட் மேரிஸ் கிளப்பும் எத்தன இருக்கு, அனவுன்சர்தான் குழம்பிப் போவான். நாம ஃபுட்பால்னு சொல்லுறத அவங்க உதைபந்தாட்டம்னு அழகா தமிழ்ல சொல்லுவாங்க, ஆனா டீம "ரீம்"னு எழுதுவாங்க, டிக்கெட்ட "ரிக்கற்"னு எழுதுவாங்க, நோட்டீஸ் அடிக்கும்போது யாரு எழுத்துல அடிக்கன்னு ஒரு சண்டை வரும், வரட்டும். ரெண்டு எழுத்துலயும் அடிப்போம்.

வேலை என்னன்னு கேப்பிய. நான் விசாரிச்ச வரைக்கும் சொல்லுதேன். வெளிநாட்டு டீம் கூட ஆடணும்னா சும்மா கூப்பிட்டு ஆட முடியாது, ரெண்டு நாட்டு ஃபுட்பால் சங்கமும் அனுமதி குடுக்கணும். அதனால மாவட்ட சங்கம் வழியா, மாநில சங்கம் வழியா எழுத்துல போகணும், நாலு மாசம் முன்னாடியே. (ரெண்டு நாட்டுச் சங்கத்தையும் ஃபிஃபா ஒரு தடவ சஸ்பெண்ட் பண்ணி வச்சிருந்துது, நம்மள 2022ல, அவங்கள 2023ல. அந்த விஷயத்துல ரெண்டு பேரும் அண்ணன் தம்பிதான்.) விசாக்கு நம்ம கமிட்டி லெட்டர்பேடுல அழைப்பு, கூட பங்கு ஆபீஸ் லெட்டரு, எஸ்பி ஆபீஸுக்கு ஒரு காப்பி. உளவு பாக்குற க்யூ பிராஞ்ச் போலீஸ்காரங்க ரெண்டு பேரு வந்து கேலரியில உக்காந்து மாட்சு பாப்பாங்க. பாக்கட்டும், டிக்கெட் எடுத்துட்டுப் பாக்கட்டும். வாரதுக்கு இப்போ வழி இருக்கு, காங்கேசன்துறையில இருந்து நாகப்பட்டினத்துக்கு கப்பல் 2023ல தொடங்கி, நடுவுல நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சுது, கடலு மோசமா இருந்தா ஓடாது, அதனால தேதிய மழைக்காலத்துல வைக்கப்படாது. சென்னையில இருந்தும் திருச்சியில இருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கு, அது காசு அதிகம். நாகப்பட்டினத்துல இறங்கினா அங்கருந்து வேன் நான் பாத்துக்கிடுறேன்.

தங்க இடம், பாரிஷ் ஹால் போதும், பாயும் தலவாணியும் வீட்டுக்கு ஒண்ணா எடுப்போம். சாப்பாட்டுக்கு பங்குல வீடுக சேந்து இருக்கிற ஒவ்வொரு அன்பியக் குழுவும் ஒரு நேரம், அத பெண்கள் சங்கத்துல சொன்னாப் போதும், நம்மள விட அவங்கதான் முதல்ல சரின்னு சொல்லுவாங்க. சாளப் புளிமுளம் வச்சுக் குடுத்தா அவன் சொதி கேப்பான், அத வைக்கத் தெரிஞ்ச முகாம் ஆளுகளயும் கூப்பிடணும், சமைக்க மட்டும் இல்ல, முன் வரிசையில நாற்காலி போட்டு உக்கார வைக்கணும். இத்தன வருஷமா நம்ம மாவட்டத்துல இருக்காங்க, நம்ம டோர்ணமென்ட் நோட்டீஸ்ல ஒரு தடவையாவது முகாம் டீம்னு பேரு வந்துருக்கா? வந்தவங்களையும் இருக்கிறவங்களையும் எதிர் எதிரா ஒரு ஃபிரண்ட்லி ஆட வச்சா நான் கடைய அடைச்சுட்டு வந்துருவேன்.

ரூல் விஷயத்துல ஒண்ணு ரெண்டு பிடிவாதம் எனக்கு உண்டு. கெஸ்ட் பிளேயர் கிடையாது, ரெண்டு பக்கமும் ஊர்ப் பையன்தான் ஆடணும். ரெஃப்ரி மாவட்டத்துக்கு வெளிய இருந்து வரணும், இல்லன்னா நம்மாளு விசில் எந்தப் பக்கம் ஊதும்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். வந்தவன் பெனால்டி மிஸ் பண்ணினா கூட்டத்துல இருந்து ஊருப் பேரச் சொல்லியோ நாட்டச் சொல்லியோ ஒரு சத்தம் வந்தா அனவுன்சர் மைக்க ஆஃப் பண்ணிட்டு இறங்கி வந்துரணும், மாட்சு நிக்கணும். கேலி பண்ணலாம், கீப்பர் கைய கேலி பண்ணு, முடிவெட்டக் கேலி பண்ணு, அதெல்லாம் நம்ம வழக்கம்.

சிங்கள டீமு வந்தா கூப்பிடுவியான்னு ஒருத்தர் கடையில வச்சு கேட்டாரு, மடக்குற மாதிரி. கூப்பிடுவேன். முதல் வருஷமே இல்ல, உண்மையச் சொல்லணும்லா, நம்ம கூட்டத்துக்கு பழகணும். ஆனா நீர்கொழும்பு பக்கம் போயிப் பாருங்க, கடல் தொழிலு, கத்தோலிக்க ஊரு, தாத்தா பாட்டி தமிழ்ல செபம் சொன்ன வீட்டுல பேரன் சிங்களம் பேசுறான். எங்க சித்தப்பா ஆழ்கடல்ல வச்சு அந்தப்பக்கத்து போட்டுக்காரங்கள எத்தனையோ தடவ பாத்துருக்காரு, பாஷை தெரியாது, பீடிக்கு பதிலு பிஸ்கட்டு, டீசலுக்கு பதிலு ஐஸ், கை ஜாடையிலயே கணக்கு முடியும். கரையிலதான் நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கு.

செலவு எவ்வளவு ஆகும்னு ஒரு எஸ்டிமேட் போட்டு வச்சிருக்கேன், பதினெட்டு பையன், ரெண்டு பெரியாளு, அஞ்சு நாளு. வழக்கமா பட்டாசுக்கும் கானமேளாவுக்கும் ஒதுக்குற காசுல பாதி கூட வராது, வேணும்னா கணக்கு நோட்டப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. எங்க ஊரு கமிட்டி மீட்டிங் இந்த ஞாயித்துக்கிழம ரெண்டாம் பூசை முடிஞ்ச உடனே வச்சிருக்காங்க, நான் வாரேன், பேப்பரும் கொண்டு வாரேன், மத்த ஊருக்காரங்க உங்க மீட்டிங்குக்கு கூப்பிட்டாலும் வாரேன், டீ போதும்.

ஒரு செலவு மட்டும் அந்த எஸ்டிமேட்ல சேக்கல, அது என் கடை கணக்கு. கீப்பர் கிளவுஸ், ரெண்டு ஜோடி, பையனுக்கு ஒண்ணு, அவன் கோச்சுக்கு ஒண்ணு. சைஸ் கேட்டு அவனுக்கு நானே வாய்ஸ் மெசேஜ் போடணும், நீங்க சரின்னு சொன்ன அன்னைக்கு போடுதேன்.